இரண்டு மஞ்சள்கரு

ஊர் முழுக்க ஒயின் ஓடுகிற ஹெரேஸில் எலாடியோவுக்கு வாய்த்த வேலை தண்ணீர் தெளிப்பது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். எலாடியோவும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவான். அவன் சிரிக்காவிட்டால் அவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் அதையே சொல்லிச் சிரிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் ஒயின் இல்லை. எங்கள் ஒயின் பீப்பாய்க்குள் சும்மா படுத்திருக்கிற ஒயின் அல்ல. பீப்பாயை வாய் வரைக்கும் நிரப்பாமல் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு வைத்தால், காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி மேலே வெள்ளையாக ஒன்று படரும். அதற்குப் பூ என்று பேர். பூ உயிரோடு இருக்கிறவரை ஒயின் கெடாது. பூவுக்கோ மருமகள் குணம். கடலிலிருந்து மேலைக்காற்று வந்தால் சிரிக்கும், உள்நாட்டிலிருந்து கீழைக்காற்று வந்தால் முகம் வாடும். கீழைக்காற்று வீசுகிற வாரத்தில் எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள மாட்டார்கள், நாய்கூடக் காரணமில்லாமல் குரைக்கும். அந்த வாரத்தில் பூவைக் காப்பாற்ற ஒரே வழி, கிடங்கின் மண் தரையை ஈரமாக வைப்பது. கோயில் மாதிரி உயர்ந்த கூரை, இரண்டு முழம் கனமான சுவர், நடுவில் பூவாளியும் கையுமாக எலாடியோ.

இருபத்தெட்டு வருடமாகத் தெளிக்கிறான். மூன்றாம் வரிசையில், இரண்டாவது அடுக்கில், கடைசிப் பீப்பாய் வரும்போது மட்டும் அவன் கை தானாகத் தாழும். பூவாளியைத் தரையோடு தரையாகச் சாய்த்து, பிள்ளைக்கு மருந்து புகட்டுகிறவன் மாதிரி ஊற்றுவான். அந்தப் பீப்பாயின் கருப்பு முகத்தில் இருபத்துநாலு வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்ததில்லை. தெறித்தால் அங்கே சாக்கட்டியால் எழுதியிருக்கும் பெயர் போய்விடும்.

பீப்பாயில் பெயர் எழுதுவது கிடங்குகளின் பழக்கம். பெரிய மனிதர் யார் வந்தாலும் ஒரு சாக்கட்டியைக் கொடுத்து, பீப்பாய் முகத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எங்கள் கிடங்கிலே காளைச் சண்டை வீரன் ஒருவன் போட்டிருக்கிறான், அவன் அடக்கிய காளையைவிடக் கையெழுத்து பெரிது. ஒரு மந்திரி போட்டிருக்கிறார். அவர் பிற்பாடு சிறைக்குப் போனார். போன பிறகு கையெழுத்துக்கு மவுசு கூடியது. பாட்டுக்காரி ஒருத்தி இதயம் வரைந்து, பக்கத்தில் தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறாள். எதையும் யாரும் அழிக்கக் கூடாது. அழித்தவனுக்கு அன்றோடு வேலை போயிற்று.

இந்தப் பெரிய மனிதர்களுக்கு நடுவேதான் அராசெலி என்ற பெயர், எங்கள் மொழியில் எழுதினால் ஏழு எழுத்து. எலாடியோவின் மகள். ஏழு வயது.

எழுபத்தொன்பதாம் வருடம் செப்டம்பரில், அறுவடைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளிகள் குடும்பத்தோடு கிடங்குக்குள் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். எலாடியோவின் மனைவி சலூத் பல்வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். சலூத் என்றால் எங்கள் மொழியில் ஆரோக்கியம். ஊரில் எவன் கோப்பையைத் தூக்கினாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் தூக்குவான். அவளோ ஒரு துளி குடித்தவள் அல்ல. எலாடியோ மகளை மட்டும் அழைத்துக்கொண்டு போனான். கூட்டம் நெரிந்தது. அன்றைக்குத்தான் காளைச் சண்டைக்காரன் வந்து கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு அவன் வீசிய சாக்கட்டித் துண்டை அராசெலி பொறுக்கிக்கொண்டாள்.

கிழட்டு மேஸ்திரி பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று எலாடியோ பதறினான்.

"பெரிய மனுஷங்க எல்லாம் எழுதியாச்சு, நீ மட்டும் என்ன பாவம் பண்ணின? எழுதும்மா," என்றார் மேஸ்திரி.

அவள் குதிகாலைத் தூக்கி, எட்டுகிற மட்டும் எட்டி எழுதினாள். கடைசி இரண்டு எழுத்துக்கு இடம் போதவில்லை. அவற்றைக் கீழே எழுதினாள். அவள் வாய் ஓரத்தில் நாக்கு நீட்டிக்கொண்டிருந்ததை எலாடியோ பார்த்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரே பெருமை. "எட்டி எட்டி எழுதினேம்மா. அந்தக் காளைக்காரன் எழுதின உசரத்துக்கு!"

"எவ்வளவு உசரம்டி?"

சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, குதிகால் தூக்கிக் கையை நீட்டிக் காட்டினாள். அங்கே பதித்திருந்த நீலப் பூப்போட்ட பீங்கான் ஓட்டின் கீழ் விளிம்பில் போய் விரல் நின்றது.

ஒன்பது நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றாள். கூட்டத்தில் ஒட்டிக்கொள்கிற மூளைக் காய்ச்சல் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, சலூத் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்குக் கிடங்குல ரொம்பக் கூட்டமா?"

"கூட்டம்தான்," என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு அவள் கிடங்கு இருக்கும் தெருவில் காலை வைக்கவில்லை. சந்தைக்கு அந்தத் தெரு வழியாக ஆறு நிமிடம். சலூத் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடம் நடப்பாள், இரண்டு கையிலும் பையோடு. அந்தப் பதினாலு நிமிடத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று எலாடியோவுக்குப் புரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பெயரை யாரும் தொடக்கூடாது என்று மேஸ்திரி உத்தரவு போட்டார். அவர் செத்த பிறகும் உத்தரவு உயிரோடு இருந்தது. எலாடியோ சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது சொல்லுவான்:

"இருக்கு."

உள்ளேயிருந்து சலூத் சொல்லுவாள்: "சரி."

வேறு வீடுகளில் இந்த நேரத்துக்கு என்னென்னவோ பேசிக்கொள்வார்கள். இந்த வீட்டில் இருபத்துநாலு வருடம் இதுதான்.

சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்த பிறகு வந்து சேர்ந்தாள் பெலென். கிடங்கைச் சுற்றிக்காட்டுகிற பெண். நல்ல பெண், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மந்திரி கதையும் காளைக்காரன் கதையும் சொல்லி முடித்ததும் ஜனங்கள் அந்தச் சின்னப் பெயரைக் காட்டி, இது யார் என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் வழிகாட்டிக்கு அழகா? முதல் நாள் ஒரு நாட்டியக்காரி என்றாள். இரண்டாம் நாள் அந்த நாட்டியக்காரி மேல் கிடங்கை ஆண்ட பழைய பிரபுவுக்குக் காதல் வந்தது. ஒரு மாதத்துக்குள் அவள் ஆற்றில் விழுந்து செத்தும் போனாள். வந்தவர்கள் பெருமூச்சு விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எலாடியோ பத்தடி தள்ளி நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பான்.

"ஏண்டா, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டான் குர்ரோ. எலாடியோவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், பீப்பாய்க்குப் பீப்பாய் ஒயின் மாற்றுகிறவன்.

"என்னன்னு சொல்ல?"

"உன் மகள்னு."

"சொன்னா அவ அழுவா. நாளைக்கு அதையும் கதையில சேர்த்துக்குவா. வேண்டாம் விடு."

நிஜமான காரணம் வேறு. பெலென் கதையில் அராசெலி இருபது வயது வரைக்கும் இருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், புது முதலாளிகள் வந்து நிறுத்தினார்கள். வடக்கே பில்பாவோ பக்கத்து ஆட்கள். டை கட்டிய கழுத்தோடு கிடங்குக்குள் வந்து, இங்கே ஏன் இவ்வளவு ஈரம் என்று கேட்டவர்கள். மூன்றாம் வரிசையை ஒழிக்கத் தீர்மானம் ஆயிற்று. ஒயினை வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டு, காலிப் பீப்பாய்களை ஸ்காட்லாந்துக்கு அனுப்புவது. அங்கே விஸ்கியை ஊறப்போட எங்கள் பழைய பீப்பாய்தான் வேண்டுமாம். நாங்கள் குடித்து முடித்த வாசனையில் அவர்கள் பேர் வாங்குகிறார்கள். காளைக்காரன், மந்திரி, பாட்டுக்காரி மூவருக்கும் கண்ணாடிப் பெட்டி. மற்ற பீப்பாய்களின் முகத்தைத் தேய்த்துக் கழுவித் திங்கட்கிழமை லாரியில் ஏற்ற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எலாடியோ செருப்பைக் கழற்றினான். "இருக்கு" என்றான். "சரி" என்று பதில் வந்தது. வழக்கத்துக்கு மாறாக அவன் இன்னும் பேசினான்.

"திங்கட்கிழமை வரைக்கும்தான். லாரி வருது."

உள்ளே வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. திரும்ப ஆரம்பிக்க வெகு நேரம் ஆயிற்று.

"சனிக்கிழமை வரேன்," என்றாள் சலூத்.

எலாடியோ ஒரு செருப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தான். இன்னொரு செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதே மறந்துவிட்டது. இருபத்துநாலு வருடம் தேவாலயத்தைச் சுற்றிப் போனவள் அந்தத் தெருவில் நடந்து வரப் போகிறாள். அவள் வந்து அந்தப் பெயரைப் பார்த்துவிட்டால், அன்றைக்குக் கேட்டாளே ஒரு கேள்வி, அதை அவள் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி ஆகும். அவன் வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பீப்பாய் முன்னால் போய் நின்றான். தினம் பார்க்கிற கண்ணை ஒதுக்கிவிட்டு, சலூத்தின் கண்ணால் பார்த்தான். அவன் தெளிவாக இருக்கிறது என்று நினைத்திருந்தது பாதியும் ஞாபகம். சாக்கட்டித் தூள் உதிர்ந்து உதிர்ந்து, நடு எழுத்து இரண்டும் புகை மாதிரி இருந்தன. போதாததற்குக் கீழைக்காற்று வேறு. ஜன்னலுக்குக் கோரைப் பாய் தொங்கவிட்டும் கேட்கவில்லை. இன்னும் மூன்று நாள் இப்படி வீசினால் சனிக்கிழமை சலூத் வந்து கருப்புப் பலகையைப் பார்க்க வேண்டியதுதான்.

"சாக்கட்டி எழுத்து உதிராம இருக்க என்னம்மா செய்யணும்?" என்று பெலெனைக் கேட்டான்.

"ஹேர் ஸ்ப்ரே மாமா. மந்திரி கையெழுத்துக்கு அதைத்தான் அடிச்சாங்க. என் பையிலயே இருக்கு, தரட்டா?"

எலாடியோ, அவள் பீப்பாய்க்குள் மூத்திரம் போகச் சொன்ன மாதிரி அவளைப் பார்த்தான். "ஒயின் பக்கத்துலயா? வாசனை உள்ள இறங்கிடாது?"

"காலி பண்ணப் போற பீப்பாய்தானே மாமா."

"இன்னும் காலி ஆகலையே."

இதுதான் எங்கள் ஊர்க்காரன் புத்தி. திங்கட்கிழமை பீப்பாய் நாடு கடக்கப் போகிறது. புதன்கிழமை அதற்கு வாசனைத் தீட்டு ஆகக்கூடாது. ஒயினுக்குப் பக்கத்தில் கொண்டுபோகத் தகுந்த பொருள் என்று அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: முட்டையின் வெள்ளைக்கரு. அந்தக் காலத்தில் கலங்கின ஒயினைத் தெளிய வைக்க அதைத்தான் அடித்து ஊற்றுவார்கள். கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை போல, கலக்கத்தை எல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். இப்போது அதற்கு ஏதோ பவுடர் வந்துவிட்டது. ஆனால் வெள்ளைக்கரு பீப்பாயில் பட்டுக் காய்ந்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும், உளி வைத்தாலும் போகாது என்பது எலாடியோ இளவயதில் பீப்பாய் கழுவிக் கற்ற பாடம். வாசனையும் கிடையாது. முட்டை ஒயினுக்கு உறவுக்காரன்.

வியாழக்கிழமை காலை இரண்டு முட்டை வாங்கிக்கொண்டு போனான். மஞ்சள்கருவைத் தனியாக ஒரு கோப்பையில் பிரித்து வைத்தான். வெள்ளைக்கருவைத் தட்டில் அடித்து, மெல்லிய தூரிகையில் எடுத்து, முதல் எழுத்தின் மேல் தடவினான்.

எழுத்து மறைந்தது.

அவன் பதறவில்லை. பதறியிருந்தால் ஆறு எழுத்து மிஞ்சியிருக்கும். ஹெரேஸைச் சுற்றி இருக்கிற திராட்சை மண் அத்தனையும் சுண்ணாம்பு; வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. மழை பெய்தால் சாம்பலாகக் கருக்கும், காய்ந்தால் மறுபடி வெளுக்கும். பிறந்ததிலிருந்து அவன் பார்த்து வளர்ந்தது அது. நனைந்தால் மறையும், உலர்ந்தால் வரும் என்று நம்பி, ஏழு எழுத்தின் மேலும் பொறுமையாகத் தடவி முடித்தான். கீழே இறங்கிய இரண்டு எழுத்துக்குத் தூரிகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான், கோணல் கெட்டுவிடாமல்.

பிறகு ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். கீழைக்காற்று அரை மணியில் உலர்த்திவிட்டது. பீப்பாய் முகத்தில் கையகலத்துக்குப் பளபளவென்று ஒரு திட்டு. அதில் எழுத்து ஏதும் இல்லை. தூரிகையைப் பார்த்தான். மயிர் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

மத்தியானம் வரைக்கும் அவன் அந்தப் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று தரைக்குத் தண்ணீர் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மஞ்சள்கருக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஒயினுக்கு வெள்ளைக்கரு, வீட்டுக்கு மஞ்சள்கரு என்பது எங்கள் ஊரில் பழகிப்போன வழக்கம். இடி விழுந்த வீட்டிலும் மஞ்சள்கருவைக் கொட்டமாட்டார்கள்.

"என்ன இது?" என்றாள் சலூத்.

"கிடங்குல மிஞ்சினது."

"இப்பல்லாம் பவுடர்தான் போடறாங்கன்னியே."

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"இருக்கு," என்றான்.

"சரி."

அவள் சர்க்கரைப் பாகு காய்ச்சி, அந்த இரண்டு மஞ்சள்கருவையும் அதில் சேர்த்து வேகவைத்து, சின்னக் கிண்ணத்தில் இனிப்பு செய்து அவன் முன் வைத்தாள். அவள் இனிப்பு செய்து வெகு காலம் ஆயிற்று. அவன் முழுவதையும் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை குர்ரோதான் கண்டுபிடித்தான். திட்டைப் பார்த்தான், எலாடியோவைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான்.

"எவன்டா செஞ்சான்? சொல்லு, கையை உடைக்கிறேன்."

"இந்தா," என்று எலாடியோ தன் இரண்டு கையையும் நீட்டினான்.

குர்ரோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "நீயே எழுதிடு," என்றான்.

"அது அவ எழுத்து இல்லையே."

"ஏழு வயசுப் புள்ள எழுத்துக்கும் உன் எழுத்துக்கும் என்னடா பெரிய வித்தியாசம்? சம்பள நோட்டுல நீ போடற கையெழுத்தைப் பார்த்தா கோழி குறுக்க போன மாதிரி இருக்கு."

எலாடியோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு ஒன்றாக மாறியது. குர்ரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர் வரிசைப் பீப்பாய்களை எண்ண ஆரம்பித்தான். பதினெட்டு வரை எண்ணினான்.

எலாடியோ இடது கையால் எழுதினான். நாக்கைக்கூட வாய் ஓரத்தில் நீட்டிக்கொண்டான். ஆனால் முட்டை பூசின இடத்தில் சாக்கட்டி பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்தத் திட்டுக்கு ஒரு ஜாண் மேலே எழுத வேண்டியதாயிற்று. கடைசி இரண்டு எழுத்தை மறக்காமல் கீழே இறக்கினான். தள்ளி நின்று பார்த்தபோது மோசமில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு சலூத் வந்தாள். நீல உடுப்பு, இஸ்திரி போட்டது. தெருமுனையில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி விறுவிறுவென்று நடந்து உள்ளே வந்துவிட்டாள்.

"வாங்க, வாங்க," என்றான் குர்ரோ. "உங்க பேரைச் சொல்லித்தான் இங்க எல்லாரும் குடிக்கிறோம். இன்னைக்குத்தான் ஆளைப் பார்க்கிறோம்."

"நீ குடிக்க என் பேர் எதுக்கு, உன் தொண்டை போதாது?" என்றாள்.

எலாடியோ முன்னால் நடந்தான். பீப்பாயைக் காட்டவில்லை, காட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் நின்று நிமிர்ந்து பெயரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க எலாடியோவுக்குத் தைரியம் இல்லை. அவள் செருப்பைப் பார்த்தான். குதிகால் தேய்ந்த செருப்பு.

அந்த நேரம் பார்த்துத்தானா பெலென் வர வேண்டும்? பின்னால் ரியோஹாவிலிருந்து வந்த இருபது பேர். சிவப்பு ஒயின் ஊர்க்காரர்கள், எங்கள் ஒயினை முகர்ந்து பார்த்துவிட்டு இது குடிக்கவா, காயத்துக்குப் போடவா என்று கேட்கிற ஜாதி. குர்ரோ அவர்களுக்குப் பின்னால் நின்று, நிறுத்து நிறுத்து என்று கழுத்தை அறுக்கிற மாதிரி கையைக் காட்டினான். கதையைச் சுருக்கச் சொல்கிறான் என்று பெலென் நினைத்துக்கொண்டாள். சுருக்குகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"இதோ, இந்தப் பேரைப் பாருங்க. அராசெலி. ஒரு நாட்டியக்காரி. இந்தக் கிடங்கோட பழைய பிரபுவுக்கு அவ மேல உயிர்."

"கட்டிக்கிட்டாரா?" என்றான் ஒரு தொப்பைக்காரன்.

"விடுவாங்களா? அவங்க வீட்டுல ஒரே ரகளை."

எலாடியோ சலூத்தின் முழங்கையைத் தொட்டான், போகலாம் என்று. அவள் கையை விலக்கிக்கொண்டாள்.

"அவளுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

பெலென் திரும்பினாள். கூட்டத்தோடு வராத ஒரு அம்மாள். "இருபது இருக்கும்மா."

"இருபது." சலூத் அந்த எண்ணை வாயில் வைத்துப் பார்த்தாள். "உசரமா?"

"நல்ல உசரம்."

"தலைமுடி?"

"இடுப்பு வரைக்கும். கருகருன்னு."

அந்த வருடக் கோடையில் பேன் என்று சலூத்தே கத்தரியை எடுத்து அராசெலியின் முடியைக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தாள். பிள்ளை ஒரு நாள் முழுக்க அழுதது.

"வளர்த்துட்டா," என்றாள் சலூத், யாரிடமும் இல்லாமல். பிறகு, "சந்தோஷமா இருந்தாளா?" என்றாள்.

இதற்குக் கதையில் பதில் இல்லை. பெலென் கதை சொல்லிவந்த மூன்று வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. பெலென் எலாடியோவைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இருந்தாங்கம்மா," என்றாள். "ரொம்பச் சந்தோஷமா இருந்தாங்க."

"அப்புறம் என்ன ஆச்சு? செத்துட்டாளா?" என்றான் தொப்பைக்காரன்.

"இல்ல சார். வெளியூர் போயிட்டாங்க." பெலென் கூட்டத்தை அவசரமாக மந்திரி பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள்.

சத்தம் அடங்கியதும் சலூத் ஒரு அடி முன்னால் வந்தாள். கையைத் தூக்கினாள். பெயருக்கு நேராக இல்லை, அதற்குக் கீழே. சமையலறையில் நீலப் பூப்போட்ட ஓட்டின் கீழ் விளிம்பு எங்கே வரும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். இருபத்துநாலு வருடமாக அதன் எதிரே நின்றுதான் சமைக்கிறாள். விரல் போய்ப் பளபளப்பான திட்டில் நின்றது. அவள் அதைத் தடவினாள். நகத்தால் சுரண்டினாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு மஞ்சக்கரு," என்றாள்.

எலாடியோ சுவரில் சாய்ந்துகொண்டான்.

"உனக்காக... பளிச்சுன்னு தெரியணும்னு... காஞ்சா வந்துடும்னு நெனச்சேன்."

அவள் திரும்பவில்லை. உள்ளங்கை முழுவதையும் அந்தத் திட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தினமும்?"

"தினமும்."

"நான்தான் வரல," என்றாள்.

வெளியே வந்தார்கள். கீழைக்காற்று மண்ணை வாரி முகத்தில் போட்டது. நேர் வழி எதிரிலேயே இருந்தது. சலூத் தேவாலயத்தின் பக்கம் திரும்பி நடந்தாள். எலாடியோ பின்னாலேயே போனான். அந்தச் சுற்று வழியில் அவன் அவளோடு நடந்ததே இல்லை. பாதி தூரத்தில் அவள் நின்றாள்.

"அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணு கேட்டேன்."

"கேட்ட."

அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். வீட்டு வாசல் வரைக்கும் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லாரி வந்தது. மூன்றாம் வரிசைப் பீப்பாய்களை ஒவ்வொன்றாக உருட்டி, வெளி முற்றத்தில் நிறுத்தி, முகத்தைப் பிரஷ் போட்டுக் கழுவினார்கள். கடைசிப் பீப்பாயைக் குர்ரோ கழுவப் போனான். எலாடியோ பிரஷை வாங்கிக்கொண்டான். அவன் இடது கையால் எழுதிய பெயர் ஒரே தேய்ப்பில் போயிற்று. கீழே இருந்த திட்டு போகவில்லை. இரண்டாவது தடவை ஓங்கித் தேய்த்தான். போகவில்லை.

வெயில் சாய்வாக விழுந்தது. கிடங்கின் இருட்டில் தெரியாதது வெளிச்சத்தில் தெரிந்தது. அந்தப் பளபளப்புக்குள்ளே வெள்ளையாக ஒரு மூட்டம். எழுத்து என்று சொல்ல முடியாது, கோடுகூட இல்லை. ஒரு பிள்ளை பொறுக்கி எடுத்த சாக்கட்டியின் தூள். தூரிகையோடு வந்தது போக மிச்சம், வெள்ளைக்கருவுக்குள் மாட்டிக்கொண்டு அப்படியே உறைந்திருந்தது. கலங்கலைக் கட்டிப் பிடித்துக்கொள்வதுதானே அதற்குத் தெரிந்த வேலை.

எலாடியோ பிரஷைத் தண்ணீரில் போட்டான்.

"என்னய்யா, அந்தக் கறை போகலையா?" என்று புது மேனேஜர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"போகாதுங்க," என்றான் குர்ரோ. "அது பழைய முட்டை. ஸ்காட்லாந்துக்காரன் கேட்டா காலை டிபன்னு சொல்லுங்க."

பீப்பாய் ஏறியது. லாரி தெருமுனை திரும்பும்வரை எலாடியோ பார்த்தான். பிறகு உள்ளே போய்ப் பூவாளியை நிரப்பினான். மூன்றாம் வரிசை இருந்த இடம் வெறும் தரை. அங்கேயும் தெளித்தான். கடைசி முனை வந்ததும் கை தானாகத் தாழ்ந்தது.

சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. இருபத்துநாலு வருடத்தில் முதல் தடவையாக அவள் கேட்டாள்:

"இருக்கா?"

அவன் சாலையில் வடக்கே போய்க்கொண்டிருக்கும் லாரியை நினைத்தான்.

"இருக்கு," என்றான்.

சலூத் கையில் இருந்த பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினாள். பிறகு, "சரி," என்றாள்.